தீம் படை கட்டினால் தோற்றுக்கொண்டே இருக்க வேண்டியதுதானா?

மேசைமேல் பொம்மைப் படைகளை நிறுத்திப் பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டுக்கு, ஒரே கதைக்குள் அடங்கும் படையாக, அதாவது தீம் படையாகக் கட்ட விரும்புகிறீர்கள். உங்களோடு ஆடும் மூத்தவர்களோ, தீம் பார்த்துப் படை எடுப்பவன் தோற்றுக்கொண்டேதான் இருப்பான், முதலில் ஜெயிக்கிற பட்டியலைக் கட்டு என்கிறார்கள் (படையில் எடுக்கும் யூனிட்களின் தொகுப்பைத்தான் பட்டியல் என்கிறோம்). யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இதே அறிவுரையை இதே தொனியில் பலரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆகவே முழு நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். என் அனுபவத்தில் தீம் படைகள் தோற்பதற்குத் தீம் காரணமாக இருந்து பார்த்ததில்லை. பொம்மைகளைத் தீமுக்கு ஏற்பத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஆட்டத்தை மட்டும் வேறு யாரோ வகுத்த உத்தியில் ஆடுவதால்தான் தோற்கிறார்கள்.

என்னுடையது முழுக்க முழுக்க நைட் கோப்ளின் படை; முக்காடு போட்ட, பச்சை முகக் குட்டிப் பூதங்கள். ஆடுவது வார்ஹாமர் ஃபேன்டஸி பேட்டிலின் எட்டாம் பதிப்பு. 1983-இல் தொடங்கிய அந்த விளையாட்டின் எட்டாம் பதிப்பு 2010-இல் வந்தது. 2015-இல் அதை ஓரங்கட்டிவிட்டு ஏஜ் ஆஃப் சிக்மர் என்ற விளையாட்டை வட்ட பேஸ்களோடு (பொம்மை நிற்கும் அடித்தட்டுகளோடு) கொண்டுவந்தார்கள். 2024-இல் தி ஓல்டு வேர்ல்டு என்ற பெயரில் சதுர பேஸ்களும் அணிவகுப்பும் திரும்பி வந்தன. எங்கள் குழு இவை எதற்கும் அசையாமல் எட்டாம் பதிப்பிலேயே தங்கிவிட்டது. நீங்கள் எதை ஆடுகிறீர்கள் என்று குறிப்பிடவில்லை. இப்போது புதிதாக நுழைகிறவர் என்பதால் ஓல்டு வேர்ல்டாக இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

எந்தத் தீம் படையையும் நான் மறுப்பிலிருந்துதான் தொடங்குவேன். எதையெல்லாம் சேர்க்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்தால், பட்டியலில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதையை இட்டுக்கட்டிவிட முடியும், டிராகனுக்குக்கூட முடியும். என் கோப்ளின்கள் மலைக்கு அடியில் சுரங்கத்துக்குள் வாழ்பவர்கள். ஆகவே குறுகிய சுரங்க வாயிலில் நுழைந்து வெளியே வர முடியாத எதுவும் என் பட்டியலில் இடம்பெறாது என்று முடிவு செய்தேன். பன்றிமேல் ஏறி வரும் ஓர்க்குகள் (கோப்ளின்களின் பெரிய, முரட்டு உறவினர்கள்), ரதங்கள், கல்லெறியும் பொறிகள், ஜயண்ட் என்ற ராட்சதன், வைவர்ன் என்ற சிறகுள்ள மிருகம் எல்லாம் அந்த ஒரே விதியில் வெளியேறின. நடந்து வரும் ஓர்க்குகளையும் சேர்க்கவில்லை. ட்ரோல் என்ற பெரிய அரக்கன் குகையில்தானே வாழ்கிறது, அதைச் சேர்த்தால் என்ன என்று அடிக்கடி கேட்பார்கள், நியாயமான கேள்விதான். ஆனால் ட்ரோல் மேசைக்கு வந்துவிட்டால் ஆட்டத்தை ட்ரோல்தான் ஆடும், கோப்ளின்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும். அப்புறம் அது எப்படிக் கோப்ளின் படை ஆகும்? கடைசியில் மிஞ்சியவை இவைதான்: ஈட்டியும் வில்லும் ஏந்தி அணிவகுத்து நிற்கும் கோப்ளின் ரெஜிமென்ட்கள், ஸ்க்விக் என்ற உருண்டையான, பல் நிறைந்த மிருகங்களின் மந்தை, ஸ்க்விக்மேல் அமர்ந்து துள்ளி வருபவர்கள், வலைக்காரர்கள், ஷாமன்கள் என்ற மந்திரவாதிகள், சங்கிலியில் கட்டிய இரும்புக் குண்டைச் சுழற்றிக்கொண்டு தறிகெட்டு ஓடும் ஃபனாட்டிக்குகள்.

இந்த மறுப்புக்குக் கொடுக்கும் விலை கொஞ்சநஞ்சமல்ல. நைட் கோப்ளினின் லீடர்ஷிப் 5. அதாவது, தைரியத்தைச் சோதிக்கும் நேரத்தில் இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை ஐந்தோ அதற்குக் கீழோ வர வேண்டும், அது 36 வாய்ப்புகளில் 10 முறைதான் வரும். கைகலப்புத் திறன் 2, வலிமை 3. போதாக்குறைக்கு, ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ரெஜிமென்ட்டுக்கு ஒரு பகடை உருட்ட வேண்டும். 1 விழுந்தால் எதிரியை மறந்துவிட்டுத் தங்களுக்குள்ளேயே சண்டையைத் தொடங்கிவிடுவார்கள். ஓர்க் தளபதி ஒருவர் இருந்தால் அவருடைய உயர்ந்த லீடர்ஷிப்பைச் சுற்றியுள்ளவர்கள் கடன் வாங்கிக்கொள்ளலாம். அதையும் நான்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் ஒரு கோப்ளினின் விலை வெறும் 3 பாயிண்ட் (இரு தரப்பும் சம அளவு பாயிண்ட்களில்தான் படை கட்டும்). எட்டாம் பதிப்பில் "ஸ்டெட்ஃபாஸ்ட்" என்று ஒரு விதி உண்டு. சாதாரணமாகக் கைகலப்பில் தோற்ற ரெஜிமென்ட், எத்தனை புள்ளி வித்தியாசத்தில் தோற்றதோ அந்த எண்ணைத் தன் லீடர்ஷிப்பிலிருந்து கழித்துக்கொண்டுதான் சோதனைக்குப் போக வேண்டும். எதிரியைவிட அதிக வரிசைகள் கையில் இருந்தால் அந்தக் கழிவு கிடையாது. ஐந்து பேர் அகலத்தில் ஐம்பது கோப்ளின்களை நிறுத்தினால் பத்து வரிசை. தளபதி பன்னிரண்டு அங்குலத்துக்குள் நின்றால் அவருடைய லீடர்ஷிப்பும் கிடைக்கும். கோப்ளின் தளபதிதான் என்றாலும் ஐந்தைவிட மேல். ஆக, சுரங்கத்திலிருந்து கூட்டம் கூட்டமாகக் கொட்டும் கோப்ளின்கள் என்ற என் கதையும், இந்த விதி எதிர்பார்க்கும் படையும் ஒன்றேதான். அடித்து வீழ்த்துவது என் படையின் வேலையே அல்ல. எதிரியின் விலையுயர்ந்த யூனிட்டை ஓரிடத்தில் பிடித்து நிறுத்தி, பக்கவாட்டில் இன்னொரு கூட்டம் வந்து விழும்வரை செத்துக்கொண்டிருப்பதுதான் அதன் வேலை. தீம் படை வைத்திருக்கும் பலர் தங்கள் படைக்கு எது வேலை என்பதையே யோசிப்பதில்லை; அங்கேதான் ஆட்டம் கைவிட்டுப் போகிறது.

இது எப்படி நடக்கும் என்பதற்கு, குதிரை வீரர்களின் நாடான பிரெட்டோனியாவின் படை வைத்திருக்கும் நண்பரோடு ஆடிய ஓர் ஆட்டத்தைச் சொல்கிறேன். மூன்று பேர் அகலத்தில் ஆப்பு வடிவமாகப் பாயும் குதிரை வீரர்கள் அவருடைய பலம். ஃபனாட்டிக்குகள் எந்த ரெஜிமென்ட்டுக்குள் ஒளிந்திருக்கிறார்கள் என்பது எதிராளிக்குத் தெரியாது. எதிரி எட்டு அங்குலத்துக்குள் வந்தவுடன்தான் வெளியே பாய்வார்கள். நண்பர் விவரமானவர், மலிவான குடியானவக் குதிரைக்காரர்களை முதலில் அனுப்பி ஃபனாட்டிக்குகளை வெளியே இழுத்துவிட்டார். அந்தக் குதிரைக்காரர்கள் சின்னாபின்னமானார்கள். அவர் எதிர்பார்த்ததும் அதுதான். அடுத்த சுற்றில் ஓர் ஆப்பு முன்னாலும் இன்னோர் ஆப்பு பக்கவாட்டிலுமாக என் நடு ரெஜிமென்ட்டின்மேல் வந்து மோதியது. முன்னால் நின்றவர்கள் வரிசை வரிசையாகக் காலி. அகன்ற வித்தியாசத்தில் தோற்றேன். ஆனாலும் என்னிடம் வரிசைகள் அதிகம் என்பதால் கழிவில்லாமல் உருட்டினேன், கோப்ளின்கள் நின்றன. இரண்டாம் சுற்றில்தான் வேடிக்கை. குதிரை வீரர்களின் ஈட்டி தரும் கூடுதல் வலிமை 2, பாய்ந்து வரும் சுற்றுக்கு மட்டும்தான். அது போனதும் அந்தப் பிரபுக்களின் வலிமை வெறும் 3, என் வலை விழுந்ததால் அதிலும் ஒன்று குறைந்து 2. தகரம்போல மின்னும் கவசத்துக்குள் இருந்துகொண்டு, ஒரு கோப்ளினைக் காயப்படுத்த ஐந்தோ ஆறோ விழ வேண்டும் என்று பகடையைப் பார்த்து அவர் விட்ட பெருமூச்சை மறக்க முடியாது. ஸ்க்விக் மந்தை பக்கவாட்டில் வந்து சேர்ந்தது. இதற்கிடையே என்னுடைய ஃபனாட்டிக் ஒருவன் திசைமாறி என் வில்லாளிகளுக்குள்ளேயே புகுந்து, அவர்கள் பீதியில் மேசையை விட்டே ஓடினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். குறைந்த வித்தியாசத்தில் ஆட்டம் என் பக்கம் முடிந்தது.

"ஒரு ஆட்டத்தை வைத்துக்கொண்டு பேசுகிறாயா" என்று யாரேனும் வருவார்கள் என்று தெரியும். நான் எல்லா ஆட்டங்களிலும் ஜெயிப்பதாகச் சொல்லவில்லை. பீரங்கி நிறைந்த ட்வார்ஃப் (குள்ளர்) படைக்கு எதிரில் என் கோப்ளின்கள் பாதி மேசையைக்கூடத் தாண்டாத நாட்கள் உண்டு. ஜெயிப்பதற்காகவே பட்டியல் கட்டுகிறவர்கள்மேலும் எனக்குக் குறையில்லை. கணக்குப் போட்டு ஆடுவதும் ஒரு திறமைதான். தீம் என்றாலே தோல்விக்கான முன்ஜாமீன் என்று முடிவுகட்டுவதைத்தான் மறுக்கிறேன்.

என்னுடைய உண்மையான மனக்குறை வேறு. ஒரு போட்டியில் வெற்றிப் புள்ளிகளோடு, படையின் அமைப்புக்கும் தனியாக மதிப்பெண் வைத்திருந்தார்கள். ஒரே யூனிட்டை மீண்டும் மீண்டும் எடுப்பவர்களைத் தண்டித்துத் தீம் படைகளை ஊக்குவிப்பதுதான் நோக்கம் என்றும் அறிவித்திருந்தார்கள். நல்ல நோக்கம். ஆனால், கோப்ளின், கோப்ளின், மறுபடியும் கோப்ளின் என்றிருந்த என் பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஒரே யூனிட்டின் திரும்பல்" என்று மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். அதே போட்டியில் ஓர்க், ட்ரோல், ஜயண்ட், ரதம், பறக்கும் தளபதி என்று வலுவானவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்த ஒருவருக்கு முழு மதிப்பெண். பன்முகத்தன்மையாம்! கூட்டமாக வாழ்வதே இயல்பாகக் கொண்ட ஓர் இனத்தைக் கூட்டமாக எடுத்ததற்குத் தண்டனை கொடுத்துவிட்டுத் தீம் வளரவில்லை என்று வருத்தப்பட்டு என்ன பயன்? நடுவரிடம் பணிவாக எடுத்துச் சொன்னேன்; விதி விதிதான் என்று சொல்லிவிட்டார்.

வண்ணம் தீட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் தீம் என்பது எதிராளியின் கண்ணில் முதலில் படுவது அங்கேதான். கதையைத் தாளில் அச்சடித்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், நான் கொடுப்பதில்லை. மேசையின் மறுபக்கம் நிற்பவருக்கு, இவை இருட்டிலிருந்து வந்தவை என்பது பார்த்த மாத்திரத்தில் புரிய வேண்டும். நைட் கோப்ளின்களின் முக்காடு கறுப்பு. கறுப்பை அப்படியே விட்டால் தூரத்திலிருந்து வெறும் கரித்துண்டாகத் தெரியும். ஆகவே முதலில் பூசும் கறுப்பு அடிப்பூச்சுக்குமேல் (பிரைமர்), முக்காட்டின் நுனியிலும் மடிப்பு விளிம்புகளிலும் மட்டும் நீலம் கலந்த சாம்பல் நிறத்தை மெல்லிய கோடாக இழுத்தேன். முகத்துக்கு மஞ்சள் தூக்கலான பச்சை. படை முழுவதற்கும் பொதுவாக ஒரே ஒரு பளிச்சென்ற நிறம், காளானின் செம்மஞ்சள். அந்தக் காளான்களை நானே செய்தேன். மஞ்சளும் நீலமுமாக வரும் கிரீன் ஸ்டஃப் பசையைச் சேர்த்துப் பிசைந்து, சிறு உருண்டையாக்கி, ஈர விரலால் மேலே இலேசாக அழுத்தினால் குடை வந்துவிடும். கெட்டியாவதற்குள் ஊசியால் அடிப்பக்கம் கோடு கிழித்துவிட வேண்டும். ரெஜிமென்ட் நடுவில் நான்கு கோப்ளின்கள் நிற்கும் 40 மில்லிமீட்டர் சதுரத்தில் ஒரே பெரிய காளானை வைத்துவிட்டால் நான்கு பொம்மைகளின் உழைப்பும் மிச்சம், பார்வைக்கும் அழகு. சிலர் இதற்கு முகம் சுளிப்பார்கள், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். முன்வரிசைக்கு மட்டும் கண் விழிவரை நேரம் செலவிடலாம். பின்வரிசையில் முக்காடும் ஈட்டி முனையும் தெரிந்தால் போதும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஓல்டு வேர்ல்டில் நான் சொன்ன ஸ்டெட்ஃபாஸ்ட் கணக்கை அப்படியே எதிர்பார்க்காதீர்கள். அங்கே தோற்ற யூனிட் கொஞ்சம் பின்வாங்கலாம், ஒழுங்கு குலையாமல் விலகலாம், அல்லது சிதறி ஓடலாம். ஆகவே மலிவான கூட்டத்தின் வேலையை அந்த விதிகளை வைத்து மறுபடி யோசிக்க வேண்டும். பட்டியலில் குறைந்தது 25 சதவீதம் கோர் யூனிட்களாக, அதாவது படையின் அடிப்படை யூனிட்களாக இருக்க வேண்டும், தலைவர்கள் 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு இருப்பதால், உங்கள் தீம் அந்தக் கோர் யூனிட்களில் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தளபதியில் மட்டும் தீம் இருந்தால் அது படை ஆகாது. வெளியீட்டாளர்களே ஆர்கேன் ஜர்னல் என்ற துணை நூல்களில் தீம் பட்டியல்களைத் தந்திருக்கிறார்கள்: ஓர்க், கோப்ளின்களுக்கு ட்ரோல் கூட்டமும் நாடோடிப் படையும் தனித்தனிப் பட்டியல்களாக இருக்கின்றன. உங்கள் மூத்தவர்களுக்கு அவற்றைக் காட்டலாம். வண்ணமும் காட்சியமைப்பும்தான் உங்களுக்குப் பெரிது என்றால் கிங்ஸ் ஆஃப் வார் என்ற இன்னொரு விளையாட்டின் பக்கமும் பாருங்கள்; அங்கே பொம்மைகளை ஒவ்வொன்றாக அகற்றுவதில்லை என்பதால் ஒரு ரெஜிமென்ட் முழுவதையும் ஒரே தட்டில் ஒரு காட்சியாகவே அமைத்துவிடலாம்.

எதையும் வாங்குவதற்கு முன் வெறும் அட்டைத் துண்டுகளில் யூனிட் பெயர்களை எழுதி வைத்து ஆடிப் பாருங்கள். நல்ல எதிராளிகள் யாரும் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார்கள். பழைய பொம்மைகளை வாங்குவதாக இருந்தால் பேஸ் அளவைக் கட்டாயம் சரிபாருங்கள். ஓர்க்குகளுக்கு முன்பு 25 மில்லிமீட்டர், ஓல்டு வேர்ல்டில் 30. வண்ணமும் காளானும் முடிந்த பிறகு, ஒட்டிய காலைப் பேஸிலிருந்து பெயர்த்தெடுக்கும் வேலை உங்களுக்கு வேண்டாம்.