வலிக்கிறது என்று சொல்வதில் என்ன?

அன்புள்ள அண்ணா,

நான் திருநம்பி, பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு ஆணாக வாழ்பவன். மார்பகங்களை நீக்கும் அறுவை சிகிச்சை முடிந்து இன்றோடு 16 நாள். காயத்தில் கசிவதை வெளியேற்ற வைத்த குழாய்களை எடுத்துவிட்டார்கள். தையல் போட்ட இடம் அவ்வளவாக வலிக்கவில்லை. ஆனால் இரண்டு நாளாக நெஞ்சில் சுரீர் சுரீரென்று கரண்ட் பாய்கிறது. தொட்டால் மரத்துக் கிடக்கும் இடத்தில்தான் இந்த வலியும் வருகிறது. அதெப்படி? முதல் வாரத்தில் காரணமே இல்லாமல் அழுதேன். முடிவெடுத்ததற்கு வருத்தப்படுகிறேனோ என்று எனக்கே சந்தேகம். அம்மாதான் பார்த்துக்கொள்கிறார். ஆரம்பத்தில் சம்மதிக்காதவர். குழாயில் சேர்ந்ததை அளந்து நோட்டில் எழுதி வைத்ததெல்லாம் அவர்தான். ஆனால் வலிக்கிறது என்று சொன்னால் ‘நீயாகத் தேடிக்கொண்டதுதானே’ என்று நினைப்பாரோ என்று வாயைத் திறப்பதில்லை. எப்போது சரியாகும்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

முதலில் அந்தத் ‘தேடிக்கொண்டது’ விஷயத்தைப் பேசிவிடுவோம். முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்டவரும் தேதி குறித்து, படிவத்தில் கையெழுத்துப் போட்டு, தானாகப் போய்ப் படுத்தவர்தான். அவர் ராத்திரி முனகினால் யாரும் குத்திக்காட்டுவதில்லை, மாத்திரை எடுத்துத் தருகிறார்கள். திருநம்பிகள் விஷயத்தில் மட்டும் வலி ஒரு வாக்குமூலம் ஆகிவிடுகிறது. வலிக்கிறது என்றால் முடிவு தப்பு என்று ஒப்புக்கொண்டதாக அர்த்தமாம். இந்தப் பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

இதில் உடம்புக்கும் ஆபத்து இருக்கிறது. அறுவை முடிந்த முதல் ஓரிரு நாளில் தோலுக்கு அடியில் ரத்தம் கட்டிக்கொள்வது உண்டு. ஒரு பக்கம் மட்டும் சட்டென்று வீங்கி இறுகும், வலி விறுவிறுவென்று ஏறும். பெரும்பாலும் மறுபடி திறந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். விடியட்டும் என்று பொறுத்துக்கொள்ளக் கூடாத வலி அது. அந்தக் கட்டத்தை நீ தாண்டிவிட்டாய். ஆனாலும் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், பரவிக்கொண்டே போகும் சிவப்பு, சீழ், கெட்ட வாடை இதில் எது வந்தாலும் அன்றே சர்ஜனைக் கூப்பிடு. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ நேராக அவசர சிகிச்சைக்குப் போ. காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. இதெல்லாம் உன் பக்கத்தில் இருப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அளந்து நோட்டில் எழுதுகிற அம்மாவிடம் வலியையும் ஒரு எண்ணாகக் கொடு. ‘பத்துக்கு நாலு, நேற்று மூன்று’ என்று சொல். அவர் மனதில் என்ன நினைக்கிறார் என்பதை நீயாகக் கற்பனை செய்துகொண்டு கிடப்பதைவிட அது எளிது.

சரி, உன் கரண்ட். மார்புத் திசுவை எடுக்கும்போது, விலா எலும்புகளுக்கு நடுவிலிருந்து தோலுக்கு வரும் மெல்லிய நரம்புகளும் அறுபடுகின்றன. மரத்துப்போவது அதனால்தான். அறுபட்ட நரம்பு நாளைக்குக் கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர் என்ற கணக்கில் திரும்ப வளரும். நீ தொடுவதை மூளைக்குச் சொல்ல அந்த இடத்துக்கு இன்னும் நரம்பு போய்ச் சேரவில்லை. ஆனால் பாதி வழியில் நிற்கிற முனை சும்மா இருப்பதில்லை, தானாகவே சமிக்ஞை அனுப்புகிறது. மூளை அதைச் சுரீரென்றும் எரிச்சல் என்றும் அரிப்பு என்றும் எடுத்துக்கொள்கிறது. சில நொடியில் போய்விடும். போகப்போக இடைவெளி கூடும். ஓர் ஆண்டு கழித்தும் எப்போதாவது ஒரு முறை எட்டிப் பார்ப்பதுண்டு.

என்னைக் கேட்டால் வலியைவிட அரிப்புதான் கொடுமை. சொறிந்தால் சொறிவதே தெரியாது! சுற்றிலும் உணர்ச்சி இருக்கிற தோலை உள்ளங்கையால் லேசாகத் தட்டிப் பார், சிலருக்கு அரிப்பு அடங்குகிறது. மரத்த தோலில் வெந்நீர்ப் பையோ ஐஸோ மட்டும் வைக்காதே. சுடுவதே உனக்குத் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். 3 மாதம் தாண்டியும் வலி உன் அன்றாட வேலையைக் கெடுத்தால் டாக்டரிடம் சொல். நரம்பு வலிக்கென்று காபாபென்டின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. உணர்ச்சி முழுதும் திரும்பும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். முலைக்காம்பைத் தனியாக எடுத்துச் சிறிதாக்கி ஒட்டியிருந்தால், அங்கே பழைய உணர்ச்சி அப்படியே வருவது அரிது. அந்த இடத்தில் கருப்பாகப் பொருக்குக் கட்டி, சில வாரத்தில் தானாக உதிரும். பிய்க்காதே. சிகரெட் பழக்கம் இருந்தால் இப்போது கண்டிப்பாக வேண்டாம். நிகோடின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், ஒட்டிய தோல் பிழைப்பதே அந்த ரத்தத்தில்தான்.

தையல் வலிக்கவில்லை என்பதில் ஆச்சரியமில்லை. மயக்கத்தில் குழாய் போட்ட தொண்டை, கசிவுக் குழாய் வைத்த அக்குள் ஓரம், வலி மாத்திரையால் வரும் மலச்சிக்கல் என்று தொல்லை எங்கெங்கிருந்தோ வரும். எனக்கு முதுகுதான் படுத்தியது. வாரக்கணக்கில் மல்லாந்தே படுத்தால் வேறென்ன ஆகும்.

அழுகைக்கு வருவோம். மயக்க மருந்து, வலி மாத்திரை, அரைகுறைத் தூக்கம், தண்ணீர் குடிக்கக்கூட அடுத்தவர் கையை எதிர்பார்ப்பது, இதெல்லாம் சேர்ந்தால் எந்த அறுவைக்குப் பிறகும் முதல் வாரத்தில் மனம் தொய்யும். போதாததற்கு, வருஷக்கணக்காகக் காத்திருந்த மார்பு வீங்கி, கன்றிப்போய், கோணலாகத் தெரிகிறது. அதைப் பார்த்து அழுகை வராவிட்டால்தான் அதிசயம். வருத்தமா என்று அந்த வாரத்தில் உன்னையே விசாரணை செய்யாதே. 2023இல் ஜாமா சர்ஜரி என்ற மருத்துவ இதழில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று வந்தது. இதே அறுவை செய்து 2 ஆண்டுகளுக்கு மேல் ஆனவர்களிடம், 0 முதல் 100 வரையான அளவில் வருத்தத்தை அளந்தார்கள். பதில் தந்த 139 பேரின் இடைநிலை மதிப்பு 0, அதாவது பாதிப் பேருக்காவது வருத்தமே இல்லை. கேட்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பத்துக்கு நாலு பேர் பதிலே தரவில்லை என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும். இருந்தாலும் முதல் வாரத்து அழுகையைவிட அந்த எண்ணை நான் நம்புவேன். மனச்சோர்வு வாரக்கணக்கில் நீண்டால், அல்லது உன்னை நீயே காயப்படுத்திக்கொள்ளத் தோன்றினால், அது வேறு விஷயம். உடனே டாக்டரிடம் பேசு.

‘எப்போது சரியாகும்’ என்பதற்கு ஒரே தேதி கிடையாது. உட்கார்ந்து செய்கிற வேலைக்கு 2, 3 வாரத்தில் திரும்புகிறவர்கள் நிறைய. கையைத் தோளுக்கு மேல் தூக்குவது, கனம் தூக்குவது இரண்டுக்கும் இன்னும் சில வாரம் பொறு. சர்ஜனுக்குச் சர்ஜன் கணக்கு மாறும், உன் சர்ஜன் சொல்வதே உனக்குக் கணக்கு. தோல் மூடிவிட்டதைப் பார்த்து ஏமாறாதே. 3 மாதம் ஆனாலும் காயம்பட்ட இடம் பழைய தோலின் பலத்தில் சுமார் 80 விழுக்காடுதான் பெறும். உன் 16 நாள் தோலுக்கு அதில் பாதிகூட இருக்காது. இப்போது இழுத்தால் தழும்பு அகலமாகிவிடும். அதற்காகக் கையை உடம்போடு ஒட்டியே வைத்திருந்தால் தோள் இறுகிப்போகும். அளவோடு அசை, தினமும் நட. மார்பை இறுக்கிப் பிடிக்கும் கம்ப்ரெஷன் வெஸ்ட்டை எத்தனை வாரம் போடச் சொன்னார்களோ அத்தனை வாரம் போடு. மார்பைத் தட்டையாகக் காட்ட அமுக்கிக் கட்டும் பைண்டரில் பல வருஷம் மூச்சு முட்டியவர்களுக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும்.

தழும்பு சிவந்து தடித்திருப்பது தணிய ஓர் ஆண்டுக்கு மேல் ஆகலாம். காயம் முழுதாக மூடிய பிறகு சிலிக்கோன் ஜெல்லைப் பற்றி சர்ஜனிடம் கேள். முதல் வருஷம் தழும்பில் வெயில் படாமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்