நாயுடன் மலைப்பாதைக்கும் கூடாரத்துக்கும்: கேள்வி பதில்

எங்கள் நாய்க்கு எட்டு மாதம். ஓட்டமும் துள்ளலுமாக இருக்கிறது. நாள் முழுவதும் மலையேறக் கூட்டிச் செல்லலாமா?

இப்போது வேண்டாம். குட்டிகளின் எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் (எலும்பு நீளும் மென்மையான பகுதிகள்) சிறிய இனங்களில் ஏறக்குறைய ஒரு வயதிலும், பெரிய இனங்களில் ஒன்றரை வயது வாக்கிலும்தான் முழுமையாக மூடுகின்றன. அதற்குள் செங்குத்தான இறக்கத்திலும் பாறையிலும் குதிக்கவிட்டால் மூட்டுக்குக் கேடு. சமதளத்தில், அதன் போக்கில், சிறிது தூரம் நடக்கப் பழக்குங்கள். முதுகுப் பை சுமப்பதும் வளர்ச்சி முடிந்த பிறகுதான்; அப்போதும் மிகக் குறைந்த எடையில் தொடங்குங்கள்.

வழியில் அது களைத்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெரும்பாலும் அதுவாகக் காட்டிக்கொள்ளாது. நீங்கள் நடக்கும்வரை தானும் நடக்கும். முடியாமல் போகும்போதுதான் படுக்கும். அதனால் எப்போது நிற்பது, எப்போது திரும்புவது என்று முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள்தான்.

வெயில் நாளில் இது உயிர்ப் பிரச்சினை. நாய்க்கு நம்மைப் போல உடல் முழுதும் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றுகிறது. அதன் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை. அது 41 டிகிரியைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பாதிக்கப்படத் தொடங்கும். நாக்கு அகன்று தொங்குவது, ஈறு கருஞ்சிவப்பாவது, எச்சில் கெட்டியாக வடிவது, கால் தள்ளாடுவது, வாந்தி ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அந்த இடத்திலேயே நில்லுங்கள். நிழலுக்குக் கொண்டுபோய் உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும். முதலில் குளிர்வித்துவிட்டு, பிறகு மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். எழுந்து நடந்துவிட்டாலும் காட்டியே ஆக வேண்டும். சிறுநீரகப் பாதிப்பு மறுநாள்கூடத் தெரியவரலாம்.

பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களை வெயிலில் மலைக்கு அழைத்துச் செல்லவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

என் நாய் கூப்பிட்டால் உடனே வந்துவிடும். பிறகு எதற்குக் கயிறு?

வீட்டு முற்றத்தில் வரும். புதருக்குள்ளிருந்து மான் பாய்ந்து ஓடும்போதும் வருமா? துரத்திச் சென்ற நாய் பள்ளத்தில் விழுந்ததும் உண்டு, வழி தெரியாமல் தொலைந்ததும் உண்டு. கரடியைச் சீண்டிவிட்டு, அது பின்தொடர, காப்பாற்றச் சொல்லி உங்களிடமே ஓடிவரவும் கூடும். எதிரே வருபவர்களையும் நினைத்துப் பாருங்கள். முன்பு நாய்க்கடி பட்ட குழந்தைக்கு, ‘ஒன்றும் செய்யாது’ என்று நீங்கள் தூரத்திலிருந்து கத்துவது ஆறுதல் ஆகாது. இரண்டு மீட்டருக்கு மேற்படாத கயிறு போதும். நீளும் சுருள் கயிறு காட்டுக்கு ஏற்றதல்ல, புதரில் சிக்கும். கழுத்துப்பட்டையில் தொலைபேசி எண் இருக்கட்டும். கயிற்றை மார்புப் பட்டையில் மாட்டுங்கள்.

கயிற்றில் கட்டிய, தடுப்பூசி போட்ட சின்ன நாயைக்கூடச் சில பூங்காக்களில் அனுமதிப்பதில்லை. இது அநியாயம் இல்லையா?

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் நான் பூங்காவின் பக்கம்தான். காட்டு விலங்குகளுக்கு நாய் என்றால் வேட்டை விலங்கு. அதன் வாடையே அவற்றை விலகி ஓடச் செய்கிறது. நோயும் இருக்கிறது. 1994இல் தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவில், நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் வைரஸ் பரவி, அங்கிருந்த சிங்கங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மடிந்தது. சுற்றுப்புறத்து வளர்ப்பு நாய்களிடமிருந்து அது வந்திருக்க வேண்டும் என்றே ஆய்வாளர்கள் கருதினார்கள். வாசலில் நிற்பவருக்கு உங்கள் நாயின் தடுப்பூசி வரலாறு தெரியாது. எல்லோருக்கும் ஒரே விதிதான் வைக்க முடியும். சில பூங்காக்கள் முகாம் திடலிலும் சாலையிலும் மட்டும் நாய்களை விடுகின்றன. கிளம்பும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அனுமதி இல்லை என்று தெரிந்து, நாயைக் காருக்குள் பூட்டிவிட்டுப் போவது எல்லாவற்றையும்விடக் கொடுமை.

காட்டில் நாயின் மலத்தை அள்ள வேண்டுமா? மற்ற விலங்குகளும் அங்கேதானே கழிக்கின்றன?

அள்ளத்தான் வேண்டும். காட்டு விலங்கு அந்தக் காட்டில் தின்றதை அங்கேயே விடுகிறது. நம் நாயோ வெளியிலிருந்து தீவனச் சத்தையும் புழு முட்டைகளையும் கொண்டுவந்து சேர்க்கிறது. பையில் கட்டிய மலத்தை ‘திரும்பும்போது எடுக்கலாம்’ என்று பாதையோரம் வைக்காதீர்கள், பலரும் மறந்துவிடுகிறார்கள்.

ஓடைத் தண்ணீர் குடிக்கலாமா?

வேண்டாம். ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி, எலிக்காய்ச்சல் இரண்டும் அதில் வரும். பச்சைப் படலம் மிதக்கும் குளத்தில் கால் வைக்கவும் விடாதீர்கள். சில வகை நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே நாயைக் கொல்லக்கூடும்.

இரவில் கூடாரத்துக்கு வெளியே கட்டிப் போடலாமா?

உள்ளே உங்களுடன் படுக்க வையுங்கள். காட்டு விலங்கு வந்தால், வெளியே கட்டிய நாயால் ஓடித் தப்பிக்கவும் முடியாது. தரையின் குளிர் ஏறாமல் இருக்க அதற்கும் ஒரு பாய் வேண்டும். படுப்பதற்கு முன் காதுக்குள், அக்குளில், விரலிடுக்கில் உண்ணி தேடுங்கள். இருந்தால் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம். திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட், வெங்காயம், சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த மிட்டாய் எல்லாம் நாய்க்கு நஞ்சு. உணவுப் பையை எட்டாத இடத்தில் வையுங்கள்.

நொண்டினால் என் வலி மாத்திரையில் பாதி கொடுக்கலாமா?

கூடவே கூடாது. இபுப்ரோஃபென், பாராசிட்டமால் இரண்டும் நாய்க்கு ஆபத்து. பாதத்தில் முள்ளோ வெட்டோ இருக்கிறதா என்று பாருங்கள், கழுவிக் கட்டுப் போடுங்கள், முடிந்தால் தூக்கிக்கொண்டே இறங்குங்கள். பெரிய நாய் என்றால் அதைத் தூக்க வலுவான துணி ஒன்றும், கூடவே இன்னொரு ஆளும் இல்லாமல் நெடுந்தூரப் பாதைக்குப் போகாதீர்கள்.