கவிழ்த்த பாத்திரம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் லாவோஸ் நாட்டின் லுவாங் பிரபாங் நகருக்குச் சென்றிருந்தேன். விடியும் முன்பே பெண்கள் தெருவோரத்தில் பாய் விரித்து முழங்காலிட்டு, வரிசையாக வந்த பிக்குகளுக்குச் சோறு இட்டார்கள். வாங்கியவர்களில் ஒருவர்கூட நன்றி சொல்லவில்லை, இட்டவர்களே வணங்கினார்கள். உழைப்பவர்கள் உழைக்காதவர்களுக்குச் சோறும் போட்டு வணங்கவும் வேண்டுமா? புண்ணியத்துக்காகக் கொடுப்பது வணிகம்தானே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பிச்சைப் பாத்திரம் என்றதும் நமக்கு மணிமேகலையின் அமுதசுரபி நினைவுக்கு வரும். அது பசித்தவர்களுக்கு இரங்கி வழங்கிய பாத்திரம். நீங்கள் லுவாங் பிரபாங்கில் கண்டது இரக்கத்தால் இடும் சோறு அல்ல என்பதால்தான், நன்றியை எதிர்பார்த்த உங்கள் மனம் ஏமாந்தது என்று நினைக்கிறேன்.

லாவோஸில் வழங்கும் தேரவாத பௌத்தத்தின் விநய விதிகளின்படி, அதாவது துறவியர் ஒழுக்க விதிகளின்படி, பிக்கு தனக்கெனச் சமைத்துக்கொள்ளக் கூடாது. கையில் கொடுக்கப்படாததை உண்ணக் கூடாது. இன்று பெற்ற உணவை நாளைக்கு எடுத்துவைக்கக் கூடாது. நண்பகலுக்குப் பின் உண்ணவும் கூடாது. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், உலகைத் துறந்தவரை அன்றாடம் ஊர்க்காரர்களின் கையை நம்பியே வாழும்படி புத்தர் வேண்டுமென்றே கட்டிவைத்தார் என்பது புரியும். வாய்விட்டுக் கேட்கவும் முடியாது, இன்னார் இட்டது வேண்டாம் என்று தன் விருப்பப்படி ஒதுக்கவும் முடியாது. தொழுநோயாளி ஒருவர் ஒரு கவளம் இட்டபோது அவருடைய விரலும் அற்றுப் பாத்திரத்தில் விழுந்ததையும், ஒரு சுவரோரம் அமர்ந்து அந்தச் சோற்றைத் தாம் அருவருப்பில்லாமல் உண்டதையும் புத்தரின் சீடர் மகாகாசியபர், மூத்த பிக்குகளின் பாடல்தொகுப்பான தேரகாதையில் சொல்கிறார். அந்தக் கவளத்தை மறுத்திருந்தால், கொடுப்பதற்கு இருந்த ஒரே வாய்ப்பை அந்த நோயாளியிடமிருந்து பறித்தவராகியிருப்பார்.

நன்றி சொல்லாததற்கும் காரணம் இதுதான். நன்றி சொன்னால் அது கொடுத்தவர் வாங்கியவருக்குச் செய்த உதவியாகிவிடும். வரிசையில் வரும் சிறுவயதுச் சாமணேரருக்கும் (இளந்துறவிக்கும்) மூத்த பிக்குவான தேரருக்கும் அந்தப் பெண்கள் ஒரே விதமாகத்தான் இடுகிறார்கள், ஏனென்றால் அவர்கள் கொடுப்பது ஆளுக்கு அல்ல, துறவியர் குழுவான சங்கத்துக்கு. மூங்கில் கூடையிலிருக்கும் ஒட்டரிசிச் சோற்றை விரல்களால் சிறிது கிள்ளி உருட்டி ஒரு பாத்திரத்தில் இடுவதற்குள் அடுத்த பாத்திரம் வந்துவிடுகிறது; முகம் பார்க்க நேரமில்லை, கணக்கு வைக்கவும் நேரமில்லை, கை மட்டும் மீண்டும் மீண்டும் விரிந்துகொண்டே இருக்கிறது. பத்துப் பாரமிதைகளில், அதாவது முழுமையாக்க வேண்டிய நற்பண்புகளில், தானத்தை முதலில் வைத்தவர்கள், தியானத்தில் அமராதவர்களுக்கும் இயலக்கூடிய பயிற்சியாகவே இதைக் கண்டார்கள்.

வணிகமா என்ற உங்கள் கேள்வி நியாயமானது; அப்படிக் கொடுப்பவர்களும் உண்டு. சம்பா நகரில் தம் சீடர் சாரிபுத்தருக்கு விடையளிக்கும்போது புத்தரே அதை ஒப்புக்கொண்டு, பலனை எதிர்பார்த்துக் கொடுப்பதைக் கீழ்ப்படியிலும், மனத்துக்கு அணிகலனாகக் கொடுப்பதை எல்லாவற்றுக்கும் மேலேயும் வைக்கிறார். கீழ்ப்படியில் நிற்பவரை அவர் விரட்டவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

உழைக்காதவர்கள் என்று எழுதியிருந்தீர்கள். கொடுப்பவரே மேலானவர், வாங்குபவர் கடன்பட்டவர் என்ற எண்ணம் அதில் இருக்கிறது. சங்கத்துக்குப் பெருந்தீங்கு செய்த இல்லறத்தாருக்கு விநயம் விதிக்கும் தண்டனை என்ன தெரியுமா? அவருக்கு எதிராகப் பாத்திரத்தைக் கவிழ்ப்பது, அதாவது அவர் கையால் இனி எதையும் வாங்குவதில்லை என்று சங்கம் கூடி முடிவெடுப்பது. தப்பர் என்ற பிக்குவின் மீது பொய்ப்பழி சுமத்திய லிச்சவி குலத்து வட்டருக்கு முதன்முதலில் அது நடந்தது. செய்தி கேட்டு அவர் மயங்கி விழுந்தார் என்று விநயநூல் கூறுகிறது. பர்மாவின் பகோக்கு நகரில் பிக்குகள் தாக்கப்பட்டபின், 2007 செப்டம்பரில் அந்நாட்டுப் பிக்குகள் இராணுவ ஆட்சியாளர்களிடமும் அவர்களுடைய குடும்பத்தாரிடமும் பிச்சை ஏற்க மறுத்துப் பாத்திரங்களைக் கவிழ்த்துப் பிடித்தபடி தெருக்களில் நடந்தார்கள். துப்பாக்கி, சிறை, கருவூலம் எல்லாமே அந்த ஆட்சியாளர்களின் கையில் இருந்தன. ஒரு பிடி சோற்றை இடுவதற்குத்தான் அவர்களுக்குப் பாத்திரம் இல்லை.