நகைச்சுவை ஓபராவைக் கோளரங்கத்தில் நடத்துவது ஏன்?

ஓபரா என்றால் வசனத்தையும் பாட்டாகவே பாடும் இசை நாடகம். அதை வழக்கமான மேடையை விட்டு, கதைக்குப் பொருந்தும் இடத்தில், பார்வையாளரைச் சுற்றிலும் நிகழ்த்துவதும் உண்டு.

ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடன் 1777-இல் இசையமைத்த 'இல் மோண்டோ டெல்லா லூனா' (நிலவுலகம்) என்ற நகைச்சுவை ஓபரா அரிதாகவே மேடையேறும். நிலவுப் பித்துப் பிடித்த ஒரு பணக்காரருக்குப் போலி வானியலாளன் மயக்க மருந்து கொடுத்து, தன் தோட்டத்தையே நிலவு என்று நம்பவைக்கிறான். எல்லாம் அவர் மகள்களின் கல்யாணத்துக்குச் சம்மதம் வாங்கத்தான்! 2010-இல் கோதம் சேம்பர் ஓபரா குழு இதை நியூயார்க்கின் ஹேடன் கோளரங்கத்தில் நடத்தியது. (பெயர் ஒற்றுமை தற்செயல்தான்.) எவ்வளவு அருமையான தேர்வு! தலைக்கு மேல் குவிமாடம் முழுக்க விண்வெளி விரியும்போது, அந்தப் பணக்காரர் ஏமாந்ததை நம்மால் புரிந்துகொள்ள முடிகிறது. பழக்கமில்லாத கதைக்கு இடமே பாதி விளக்கம் சொல்லிவிடுகிறது.

பேய்க்கதையைப் பகலில் கேட்பதற்கும், கரண்ட் போன இரவில் மொட்டை மாடியில் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

அப்புறம், இப்படிப்பட்ட நிகழ்ச்சிக்குப் போனால் நம்மையும் நடிக்கச் சொல்வார்கள் என்று பலர் தயங்குகிறார்கள்; பெரும்பாலும் உட்கார்ந்து ரசித்தாலே போதும்.