கதவு முதுகுப் பக்கம்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் டிஃபயன்ட் சண்டை விமானம் விழுந்தால், பின்னால் இருந்த துப்பாக்கிக்காரர் பெரும்பாலும் அதோடேயே போய்விடுவாராம். பாராசூட் இருந்தும் குதிக்காதது பயத்தாலா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: சாய்வு நாற்காலியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கொஞ்சம் எழுந்துபோய் அந்தக் கூண்டுக்குள் உட்கார்ந்து பாருங்கள்.

விமானிக்குப் பின்னால் ஒரு சுழலும் கூண்டு. நான்கு பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு நடுவே ஒடுங்கிக்கொண்டு ஒரு ஆள். வழக்கமான பாராசூட் மூட்டையோடு அதற்குள் நுழைய முடியாது என்பதால், உடுப்போடு சேர்ந்த பாராசூட் ஒன்றைத் தனியாகச் செய்து கொடுத்தார்கள். கதவு அவருடைய முதுகுப் பக்கம். கூண்டைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் கதவு வழியாக வெளியே விழ முடியும். திருப்புவதற்கு மின்சாரம் வேண்டும். குண்டு பட்டு மின்சாரம் போய், விமானமும் தலைகுப்புறச் சுழன்றால்? தைரியசாலிக்கும் கோழைக்கும் அதே கதவுதான் ஐயா.

குற்றம் தேடுவதென்றால் விமானத்தை வடிவமைத்தவர்களின் மேசையில் தேடுங்கள். டிஃபயன்டில் முன்னோக்கிச் சுடும் துப்பாக்கி ஒன்றுகூடக் கிடையாது. ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்கள் காவல் இல்லாமல் வரும், பக்கத்திலேயே பறந்தபடி சுட்டுத் தள்ளலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். 1940 ஜூனில் பிரான்ஸ் விழுந்ததும், ஆங்கிலக் கால்வாயின் அக்கரையிலிருந்தே மெஸ்ஸர்ஷ்மிட் என்ற ஜெர்மன் சண்டை விமானங்கள் காவலுக்கு வந்துவிட்டன. ஜூலை 19 அன்று பிரிட்டிஷ் விமானப்படையின் 141ஆம் பிரிவின் 9 டிஃபயன்டுகள் போனதில் 6 நாசம். முன்னாலிருந்தோ கீழிருந்தோ வந்து அடித்தால் டிஃபயன்டால் பதில் சொல்ல முடியாது என்பது எதிரிக்குப் புரிந்துவிட்டது.

அதற்கு முன், மே 29 அன்று பிரான்சின் டன்கிர்க் கடற்கரை வானில், பின்னோக்கிச் சுட முடியாத ஹரிக்கேன் என்ற பிரிட்டிஷ் விமானம் என்று நினைத்துப் பின்னால் வந்த ஜெர்மானியர்களை, டிஃபயன்ட் ஓட்டிய 264ஆம் பிரிவு நன்றாகவே கவனித்தது. ஒரே நாளில் 37 வீழ்த்தியதாகக் கணக்குக் கொடுத்தார்கள். உண்மை எண்ணிக்கை அதைவிட வெகு குறைவு. சண்டையின் சூட்டில் எல்லாத் தரப்பும் இப்படித்தான் எண்ணும். இந்த 264இன் முழுப்பெயரில் ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்பதும் சேர்ந்தது. இங்கிருந்து போன யுத்த நிதிக்கு அவர்கள் செய்த மரியாதை.

அதன் தலைவர் பிலிப் ஹன்டர். அவருடைய துப்பாக்கிக்காரர் ஃபிரெடரிக் கிங். ஆகஸ்ட் 24 அன்று கென்ட் கரையிலுள்ள மான்ஸ்டன் தளத்தை ஜெர்மானியர்கள் தாக்கியபோது இவர்கள் மேலே கிளம்பினார்கள். யூங்கர்ஸ் 88 என்ற ஜெர்மன் குண்டுவீச்சு விமானம் ஒன்றைத் துரத்திக்கொண்டு கடல் பக்கம் போனதைப் பார்த்திருக்கிறார்கள். அவ்வளவுதான். விமானமும் வரவில்லை, உடல்களும் கிடைக்கவில்லை. கிங் குதிக்கப் பார்த்தாரா, கூண்டு திரும்பியதா என்று நீங்களும் நானும் தீர்ப்புச் சொல்லக் கடலுக்குள் சாட்சி இல்லை. ஆகஸ்ட் 28இல் இன்னும் சில விமானங்கள் போன பிறகுதான் மேலிடம் விழித்துக்கொண்டு, டிஃபயன்டைப் பகல் சண்டையிலிருந்து எடுத்து இரவு வேலைக்கு மாற்றியது.

கிங்கின் பதவிப் பெயர் ‘பைலட் ஆபீசர்’. விமானத்தை ஓட்டியவர் அல்ல, அந்தப் படையில் பதவிப் பெயர்கள் அப்படி. கல்லறை இல்லாத விமானப்படையினருக்காக லண்டனுக்கு மேற்கே ரன்னிமீடில் உள்ள நினைவிடத்தில் இருவர் பெயரும் செதுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அங்கே பெயர்களை ஆண்டுவாரியாகப் பிரித்து, ஒவ்வோர் ஆண்டுக்குள்ளும் பதவி வரிசையில் செதுக்கியிருக்கிறார்கள். ஒரே விமானத்தில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து போன இருவரும் வெவ்வேறு பலகைகளில் இருக்கிறார்கள்.