அம்மா இருக்கும் வீடு

அன்புள்ள ஐயா,

மனைவி, இரண்டு குழந்தைகளுடன் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற குடியேற்றத் திட்டம் வழியாகக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள பிராம்ப்டனுக்குக் குடியேறத் திட்டமிட்டுள்ளேன். செலவுக் கணக்கை இணைத்திருக்கிறேன். எத்தனை மாதத்துக்குக் கையிருப்பு வேண்டும்? அம்மா இருக்கும் வீட்டை விற்றுவிட்டு, அவரைத் தற்காலிகமாக அக்காவிடம் விடலாமா?

க., கோவை

அன்புள்ள க.,

குளிர்காலக் காலணியிலிருந்து, ஒன்டாரியோவில் முதல் மாத வாடகையோடு கடைசி மாத வாடகையையும் முன்பணமாகக் கேட்பார்கள் என்பது வரை எதையும் விடாமல் எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகள் தவித்துவிடக் கூடாது என்ற தகப்பனின் பதைப்பு ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. வேலை கிடைக்க ஆறு மாதமாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையிருப்பைப் பற்றி அவ்வளவுதான் சொல்வேன்.

ஆனால் அம்மாவின் பெயரில் ஒரு செலவுகூட இல்லை. அவர் இருக்கும் வீடு மட்டும் வரவுப் பக்கத்தில் நிற்கிறது. இது எப்படி உங்கள் கண்ணில் படாமல் போனது?

என் பெரியம்மாவின் மகன் கனடா போகும்போது, "ஒரு வருடத்தில் அழைத்துக்கொள்கிறேன்" என்றார். பொய்யில்லை, விசாரிக்காமல் கொடுத்த வாக்கு. அதை நம்பிப் பாத்திரங்களையெல்லாம் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போன பெரியம்மா, கடைசிவரை தன் பெட்டியை முழுதாகப் பிரிக்கவே இல்லை. மகள் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். ஆனால் தன் அடுப்படியில் அரசியாக இருந்தவர், இரண்டாவது காபி கேட்கத் தயங்கியதை நான் பார்த்தேன்.

அழைத்துக்கொள்வது உங்கள் கையில் மட்டும் இல்லை. பெற்றோரை நிரந்தரமாக வரவழைக்கும் திட்டத்தில், 2020-இல் விருப்பம் பதிந்தவர்களிலிருந்து குலுக்கிப் போட்டுத்தான் 2024-இலும் 2025-இலும் அழைப்பு அனுப்பினார்கள். அழைப்பு வந்தாலும் மூன்றாண்டு வருமானத்தைக் காட்ட வேண்டும். ஒன்டாரியோவில் 20 ஆண்டுகளுக்கு அவருடைய செலவுப் பொறுப்பை ஏற்றுக் கையெழுத்திட வேண்டும். பெற்றோர் வந்து நீண்ட நாள் தங்கிப் போவதற்கான சூப்பர் விசாவில் 2022 முதல் ஒரு வருகைக்கு ஐந்தாண்டு வரை தங்கலாம் என்பது உண்மைதான். அதற்கும் குறைந்தது 1,00,000 கனடிய டாலருக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். வயதும் சர்க்கரையும் கூடக்கூட பிரீமியம் ஏறும். குடும்பத்தின் அளவுக்கேற்ற வருமானத்தையும் நீங்கள் காட்ட வேண்டும். இப்போதுதான் போய் இறங்கியவருக்கு அது எளிதா? அப்படியிருக்க, "தற்காலிகமாக" என்று எந்தத் துணிவில் எழுதினீர்கள்?

குடியேற விண்ணப்பிக்கும் நால்வர் குடும்பம் கையிருப்பாக 28,362 கனடிய டாலர் காட்ட வேண்டும் என்பது 2025 ஜூலையில் வந்த தொகை. கடன் வாங்கிய பணமும் வீட்டின் மதிப்பும் அதில் சேராது என்பதால்தான் வீட்டில் கை வைக்கிறீர்கள் என்று புரிகிறது. அந்தத் தொகையைச் சேர்க்க இன்னும் ஒரு வருடம் ஆகுமென்றால், ஒரு வருடம் கழித்தே போங்கள்.

அம்மாவின் மாதச் செலவையும், நீங்கள் அவசரமாக ஊர் திரும்புவதற்கான டிக்கெட் பணத்தையும், காப்பீட்டு பிரீமியத்தையும் கணக்கில் சேருங்கள். பிறகு அந்தத் தாளை அவரிடமே காட்டி, எங்கே இருக்க விரும்புகிறார் என்று கேளுங்கள். அக்காவிடமே இருக்கிறேன் என்று அவர் சொல்லலாம். அப்போதும் வீட்டை விற்காமல் வாடகைக்கு விட்டு, அந்தப் பணம் மாதாமாதம் அவருடைய வங்கிக் கணக்கில் சேரும்படி செய்துவிட்டுப் புறப்படுங்கள்.