அடுப்பைக் காட்டி பைப்பை விக்கிறாங்க

கேள்வி: நியூஜெர்சில இருக்கோம். கேஸ் அடுப்பை தடை பண்ணப்போறாங்கன்னு இங்க அடிக்கடி சண்டை. கேஸ் கம்பெனி விளம்பரத்துல அந்த நீலத் தீயைப் பார்த்தா அம்மா சமையல்தான் ஞாபகம் வருது. இது தப்பா சார்?

பதில்: தப்பே இல்லம்மா, ஞாபகம் வரணும்னுதான காசு போட்டு எடுக்குறான்!

உங்க அடுப்பை யாரும் புடுங்க வரல. 2019-ல கலிஃபோர்னியாவுல இருக்கிற பெர்க்லி நகரம் புதுசா கட்டுற கட்டடத்துக்கு கேஸ் பைப் கிடையாதுன்னுச்சு, அதையும் கலிஃபோர்னியா ரெஸ்டாரன்ட் சங்கம் கோர்ட்டுக்கு இழுத்து 2023-ல ஜெயிச்சிடுச்சு. நியூயார்க் மாநிலம் போட்ட சட்டமும் புதுக் கட்டடத்துக்குத்தான். 2023 ஜனவரில அமெரிக்க அரசோட நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்து உறுப்பினர் ஒருத்தர் கேஸ் அடுப்பைத் தடை கூட பண்ணலாம்ங்கிற மாதிரி ஒரு பேட்டில வாயை விட்டாரு, ஆணையத் தலைவரே அப்படி எல்லாம் எண்ணமில்லைன்னு சொல்லியும் கத்தல் நிக்கல.

ஏன் அடுப்பையே புடிச்சு தொங்குறாங்கன்னா, அமெரிக்க வீடுகள்ல செலவாகுற கேஸ்ல சமையலுக்குப் போறது சுமாரா 3 சதவீதம்தான், மிச்சத்துல பெரும்பங்கு குளிருக்கு ஓடுற ஃபர்னஸும் வாட்டர் ஹீட்டரும் குடிக்கிறது. வாட்டர் ஹீட்டரைப் பார்த்து எவனுக்காவது கண்ணு கலங்குமா? அதான் அடுப்பை முன்னாடி நிறுத்துறான், நீங்க அடுப்புக்காக அடம்புடிச்சா வீட்டுக்குள்ள பைப் வந்துரும், பைப் வந்துட்டா ஹீட்டர் ஃபர்னஸ் எல்லாம் அது பின்னாடியே வந்துரும், அப்புறம் முப்பது நாப்பது வருஷத்துக்கு மாசாமாசம் பில்லு.

இன்னொரு கூத்து கேளுங்க. அமெரிக்காவுல பாதிக்கு மேல வீட்டுல கரண்ட் அடுப்புதான், கேஸ்ல சமைக்கிறது பத்துக்கு நாலு வீடு கூட இருக்காது, ஆனா விளம்பரத்தைப் பார்த்தா ஊருல இருக்கிற எல்லாப் பாட்டியும் நீலத் தீயிலயே பொறந்து வளர்ந்த மாதிரி இருக்கும். இதே கேஸ்காரங்க 1930-கள்ல கேஸ் அடுப்பை நவீனம் நாகரிகம்னுதான் வித்தாங்க, 1988-ல ராப் பாட்டே போட்டாங்க (பாருங்க, வயிறு வலிக்க சிரிப்பீங்க), இப்ப இன்ஸ்டாகிராம்ல சமையல் பண்றவங்களுக்குக் காசு குடுத்து பேச வைக்கிறாங்க. கரண்ட் தரப்பு மட்டும் என்ன யோக்கியமா, 1950-கள்ல பின்னாடி ஜனாதிபதியான நடிகர் ரீகனை டிவில உக்கார வச்சு எல்லாம் கரண்ட்ல ஓடுற அவர் வீட்டையே சுத்திக் காட்டினவங்கதான.

அடுப்பு எரியும்போது நைட்ரஜன் டை ஆக்சைடு வருது, ஆஸ்துமா புள்ளைங்களுக்கு ஆகாது. அணைச்சு வச்சிருக்கும்போதும் பூமியைச் சூடாக்குற மீத்தேன் கசியுதுன்னு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துக்காரங்க 2022-ல அளந்தே காட்டிட்டாங்க. அதை எந்த விளம்பரமும் சொல்லாது. கேஸ்லயே தாளிங்க, யாரு வேணாம்னா, ஆனா புகையை வெளிய தள்ளுற எக்ஸாஸ்ட் ஃபேனா இருக்கான்னு பார்த்து போட்டுட்டு தாளிங்க, அங்க நிறைய வீட்டுல அடுப்புக்கு மேல இருக்கிறது காத்தை அப்படியே சமையக்கட்டுக்குள்ளயே திருப்பி விடுற டைப்.